ஆறு படுக்கை

ஆறு படுக்கை உள்ள வண்டி.
வாடகை எவ்வளவு என்று அவர் சொன்னது
காதில் ஏறவில்லை.
நான் படுக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்றில் அவர், ஒன்றில் நான்,
ஒன்றில் உருளைக்கிழங்கு மூட்டை,
ஒன்றில் மசாலா டப்பாக்களும் மடக்கு நாற்காலியும்.
மேலே இரண்டு,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

போலக்வானேயில் டீசல் போட்ட பையன்
உள்ளே எட்டிப் பார்த்தான்: "பெரிய குடும்பமோ?"
"பிள்ளைகள் பிளேனில் வருகிறார்கள்,
வழியில் ஏறிக்கொள்வார்கள்"
என்றார் சத்தியசீலன்.
முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

நிரோஷினி பெர்த்தில்.
குபேந்திரன் ஆக்லாந்தில்.
வர முடியாது என்று இருவரும் சொல்லி
மாதம் ஒன்றாகிறது.

அந்தப் பங்க்கிலிருந்து நான் பேசவில்லை.

லூயி டிரிகார்ட் தாண்டிக் கிழக்கே திரும்பியதும்
என் ஜன்னல் முழுக்க மலை.
பச்சை, பச்சைக்கு மேல் நீலம்,
நீலத்துக்கு மேல் எவரோ மறந்து வைத்த பஞ்சு.
சாலையோரம் அவகாடோ, வாழைத்தார்,
வாளியில் மக்கடேமியா.
"நிறுத்தட்டுமா?" என்றார்.
மலையைப் பார்த்தேன்.
"நிறுத்தட்டுமா என்று கேட்டேன்."
மலை நன்றாக இருந்தது.

தோஹோயாண்டோவில் ஆடுகளுக்கு வழி விட்டோம்,
பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கும்.
அவர்கள் எல்லா ஜன்னலுக்கும் கையசைத்தார்கள்,
ஆளில்லாத ஜன்னலுக்கும்.

புண்டா மரியா.
செம்மண் பாதை, இருபுறமும் மோப்பனே மரம்,
ஒரு வண்டி மட்டும் போகிற அகலம்.
வலது கண்ணாடியை ஒரு கிளை
ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

யானை வரும் பின்னே,
மணியோசை வரும் முன்னே என்பார்கள்.
இங்கே எந்த மணியும் அடிக்கவில்லை.
வளைவு திரும்பினோம்,
பாதை இருந்த இடத்தில் யானை இருந்தது.

கன்னத்தில் மதநீர்க் கோடு, ஈரமாக.
காதை விரித்தது.
எங்கள் வீட்டுக் கராஜ் கதவு அவ்வளவு அகலமில்லை.

சத்தியசீலன் ரிவர்ஸ் போட்டார்.
பின்கண்ணாடியை உருளைக்கிழங்கு மறைத்தது.
வலப்பக்கம் பார்க்க ஒன்றுமில்லை.
இடப்பக்கக் கண்ணாடி மட்டும் மிச்சம்,
அது என்னுடையது.

அவர் என்னைக் கேட்கவில்லை.
அதுதான் என்னை உலுக்கியது:
இந்த நிலையிலும் கேட்க மாட்டாராம்.
வண்டி பள்ளத்தை நோக்கிச் சரிந்தது,
பீப், பீப், பீப்.

"வலது."
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
"இன்னும் வலது. நேர். நேர்ன்னா நேர், சீலன்!
கல் இருக்கு. மெதுவா. இப்ப இடது.
இல்லை, உங்க இடது இல்லை,
வண்டியோட இடது."

அது ஓடவில்லை, நடந்தது.
நாங்கள் பின்னால் போகிற வேகத்தில்
அது முன்னால் வந்தது,
வழியனுப்ப வருகிறவர்களைப் போல.
முக்கால் கிலோமீட்டர்.
மசாலா டப்பா ஒன்று திறந்து
வண்டியெல்லாம் மல்லித்தூள்.
இருவரும் தும்மினோம்.
யானை என்ன நினைத்ததோ,
காட்டுக்குள் திரும்பிவிட்டது.

ஆறு மணிக்கு கேட் அடைப்பு.
நாங்கள் போனபோது ஆறே முக்கால்.
காவலாளி ரெண்டானி பதிவேட்டைத் திறந்து
தாமதத்துக்குக் காரணம் கேட்டாள்.
சத்தியசீலன் வாயைத் திறந்தார்.
நான் முந்திக்கொண்டேன்: "யானை."
அவள் மேலே பார்த்தாள். அதே பக்கத்தில்
அதே சொல் இரண்டு முறை ஏற்கெனவே இருந்தது.
"எத்தனை பேர்?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு, "இரண்டு" என்றார்.

ராத்திரி, கழுதைப்புலி எங்கோ
கேள்வி கேட்பதுபோல் இழுத்துக் கூவியது.
நான் ஏணி ஏறி
மேல்படுக்கையின் உறையைக் கிழித்தேன்.
காசு கொடுத்திருக்கிறோம்.

கீழிருந்து கேட்டார்:
"அங்கே எப்படி இருக்கு?"

"கூரை மூக்கில் இடிக்குது," என்றேன்.
"மல்லி வாசம் இங்கேயும் இருக்கு."